ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபியா, ஆர்எக்ஸ் 580 8 ஜிபியா? கையில் 6,000 ரூபாய்

தூங்காநகரம்:

வணக்கம். ஒரு ஆபீஸைக் காலி பண்ணியபோது சித்தப்பா மூலமாக ஒரு பழைய கம்பெனி டவர் கைக்கு வந்தது. ஐ5-4570, 16 ஜிபி ரேம். எஸ்எஸ்டி நானே வாங்கிப் போட்டேன். மானிட்டர் 22 இன்ச், 1080பி, 60 ஹெர்ட்ஸ். இனி கிராபிக்ஸ் கார்டு ஒன்றுதான் பாக்கி.

கையில் 6,000 ரூபாய் இருக்கிறது. போனஸில் வீட்டுக்குக் கொடுத்தது போக மிச்சம், அதனால் இதற்கு மேல் நூறு இருநூறுதான் புரட்ட முடியும். இரண்டு கார்டுகள் கண்ணில் பட்டிருக்கின்றன.

திருமங்கலத்தில் ஒருவரிடம் ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி, இரண்டு ஃபேன் வைத்தது, 5,500 சொல்கிறார். பெட்டி இல்லை, பில் இல்லை, "நான் ஒருத்தன்தான் யூஸ் பண்ணினேன்" என்கிறார். இன்னொன்று சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில். ஆர்எக்ஸ் 580 8 ஜிபி, 4,800, ஒரு மாதம் கடை வாரண்டி. கூரியரில் அனுப்புவார்களாம்.

நான் ஆடப்போவது ஜிடிஏ 5, எல்டன் ரிங், முடிந்தால் சைபர்பங்க். தம்பிக்கு வேலரன்ட். அவன் "ஆறு பெரிசா எட்டு பெரிசா" என்று ஒரே கேள்வியில் விஷயத்தை முடித்துவிட்டான். யூடியூபில் ஒருவர் 1060 என்கிறார், அடுத்த வீடியோவில் 580 என்கிறார். அம்மாவுக்குக் கரண்ட் பில் கவலை. எதை வாங்கலாம்?

பூண்டுரசம்:

580. யோசிக்கவே வேண்டாம். 2019-லிருந்து என்னிடம் ஓடுகிறது. 8 ஜிபி மெமரி இருப்பதால் டெக்ஸ்சரை (கேமில் பொருள்களின் மேல் ஒட்டும் படங்களை) ஹையில் வைத்தாலும் திணறாது. 1060-இல் அதே டெக்ஸ்சர் வைத்தால் சில புது கேம்களில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குத் திரும்பும்போது திக்கும். 700 ரூபாய் வேறு மிச்சம், அதில் ஒரு நல்ல மவுஸ் வாங்குங்கள்.

சாலிடர்வாசனை:

தம்பி, கார்டை விடுங்கள். முதலில் அந்த டவரின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றி, பவர் சப்ளையின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். அப்படியே உள்ளே தொங்கும் ஒயர்களில் ஆறு முள் கனெக்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பந்தயம் கட்டுகிறேன், இருக்காது.

கார்டு ரிப்பேர்தான் என் பிழைப்பு. இப்படிப்பட்ட ஆபீஸ் டவர் வாரத்துக்கு ஒன்றாவது கடைக்கு வரும். கார்டை வாங்கிவிட்டு, செருக ஒயர் இல்லாமல் கையில் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

கணக்கு சின்னதுதான். மதர்போர்டு ஸ்லாட் வழியாக ஒரு கார்டுக்கு 75 வாட் வரைதான் கிடைக்கும். மிச்சத்துக்குத் தனி ஒயர் வேண்டும். ஆறு முள் என்றால் இன்னொரு 75, எட்டு முள் என்றால் 150. 1060 தின்பது 120 வாட், அதனால் ஒரு ஆறு முள்ளோடு ஒப்பேற்றிவிடும். 580 தின்பது 185 வாட். எட்டு முள் கட்டாயம், சில மாடலுக்கு எட்டோடு ஆறும் சேர்த்துக் கேட்கும். உங்கள் பழைய டவரில் இருப்பது பெரும்பாலும் 300 வாட்டுக்குள் அடங்கும் சப்ளை. 580-க்கு 500 வாட் சப்ளை வையுங்கள் என்று கம்பெனியே சொல்கிறது. 1060-க்கு 400.

"சாட்டாவிலிருந்து ஆறு முள் எடுக்கும் கன்வெர்ட்டர் 150 ரூபாய்க்குக் கிடைக்குதே" என்று அடுத்து யாராவது சொல்வார்கள். வேண்டாம். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் பக்கம் 54 வாட்டுக்குத்தான் செய்தது. ஹார்டு டிஸ்க்குக்கு அது தாராளம், கார்டுக்கு ஆகாது. உருகி, பழுப்பேறி, முள்ளோடு ஒட்டிக்கொண்ட ஒன்றை என் மேஜை டிராயரிலேயே வைத்திருக்கிறேன். அடம் பிடிக்கிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவதற்கு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேகம் என்று பார்த்தால் இரண்டும் பங்காளிகள். 1060 வந்தது 2016 ஜூலையில், 580 வந்தது 2017 ஏப்ரலில். டிஎக்ஸ் 11 (கேம் கார்டோடு பேசும் மொழி மாதிரி) காலத்துக் கேம்களில் 1060 கொஞ்சம் முந்தும், அதிலும் உங்களுடையது போன்ற நாலு கோர் பழைய சிபியுவோடு சேர்த்தால். 1060-ஐச் செய்த என்விடியாவின் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், தன் வேலையைச் சிபியுவின் கோர்களுக்குள் நன்றாகப் பங்கு போட்டுக்கொள்ளும். அதற்கு அடுத்து வந்த டிஎக்ஸ் 12, வல்கன் கேம்கள் என்றால் 580-க்குத் தெம்பு அதிகம். சைபர்பங்க் 2077 கம்பெனி 2023-இல் தன் குறைந்தபட்சத் தேவையை மாற்றி எழுதியபோது இந்த இரண்டு கார்டையும் ஒரே வரியில்தான் போட்டார்கள்: 1060 6 ஜிபி அல்லது 580 8 ஜிபி. கேம் செய்தவர்களே ஒரே தட்டில் வைத்துவிட்ட பிறகு நாம் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும்?

பூண்டுரசம் சொன்ன டெக்ஸ்சர் விஷயம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் வைத்திருப்பது 580. நீங்கள் வாங்கப்போவது 580-தானா என்பதே எனக்குச் சந்தேகம்.

அந்த ரிச்சி தெருக் கடையில் ஜிபியு-இசட் என்ற சின்ன புரோகிராமை ஓட்டி, ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள். அதில் 'ஷேடர்ஸ்' (கார்டுக்குள் கணக்குப் போடும் யூனிட்களின் எண்ணிக்கை) என்ற இடத்தில் 2304 இருந்தால் அசல் 580. 2048 இருந்தால் அது 2018 கடைசியில் சீனாவில் விற்பனைக்கு வந்த 2048எஸ்பி என்ற வகை. பெட்டியில் 580 என்றிருக்கும், உள்ளே இருப்பது ஏறக்குறைய அதற்கு ஒரு படி கீழான 570. கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன். பல பேருக்கு அந்த வித்தியாசமே தெரியாது. ஆனால் விலை மட்டும் 580 விலையாக இருக்கும்.

திருமங்கலத்துக்காரரிடமும் அதே சோதனைதான். 1060-இல் 1280 இருக்க வேண்டும். 1152 என்றால் அது 3 ஜிபி கார்டின் சிப். பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்றே ஜிபியு-இசட் காட்டினால் வண்டியைத் திருப்பிவிடுங்கள். ஏதோ ஆதிகாலக் கார்டில் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் புரோகிராமை) மாற்றி எழுதி 1060 என்று விற்கிற ஆட்களும் உண்டு.

மில்லினியல்மாமா:

ஏன் இவ்வளவு தலைவலி? ஜிடிஎக்ஸ் 1650 வாங்கச் சொல்லுங்கள். 75 வாட், தனி ஒயரே வேண்டாம், அந்த டவரில் அப்படியே செருகிவிடலாம்.

சாலிடர்வாசனை:

மாமா சொல்வதும் சரியான வழிதான், சப்ளையை மாற்றவே முடியாது என்றால். ஆனால் 1650-இல் 4 ஜிபிதான், வேகமும் 1060-ஐ விடக் குறைவு. அப்புறம் 1650 என்றாலே ஒயர் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள், ஆறு முள் வைத்து வந்த மாடல்களும் இருக்கின்றன. கார்டின் மேல் விளிம்பைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

தூங்காநகரம்:

அண்ணா, கதவைக் கழற்றிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே 290 வாட். ஆறு முள் இல்லை. இன்னொன்றையும் கவனித்தேன், மதர்போர்டுக்குப் போகிற ஒயர் வழக்கமான 24 முள் இல்லை, எட்டு முள்தான் இருக்கிறது. சாதாரண சப்ளை வாங்கினால் பொருந்தாதா?

கடையிலிருந்து ஸ்கிரீன்ஷாட் வந்தது. 2048! கேட்டதற்கு "எல்லாம் ஒண்ணுதான் சார், பெர்ஃபார்மன்ஸ் சேம்" என்றார். மைனிங்கில் (கிரிப்டோ காசு எடுக்கும் வேலையில்) ஓடியதா என்று கேட்டேன், "தெரியாது" என்றார். அதையாவது நேர்மையாகச் சொன்னாரே.

ஆக 1060-தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை திருமங்கலம் போகிறேன். மைனிங் கார்டா இல்லையா என்று பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா? கரண்ட் பில்லைப் பற்றியும் யாரும் பதில் சொல்லவில்லை.

சாலிடர்வாசனை:

24 முள்ளை அந்த எட்டு முள்ளாக மாற்றும் கேபிள் தனியாகக் கிடைக்கும். உங்கள் டவரின் மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள், கம்பெனிக்குக் கம்பெனி முள் வரிசை மாறும். மாறிச் செருகினால் போர்டு போய்விடும். சப்ளைக்குப் புதுசுதான் வேண்டும் என்றில்லை. யாராவது தெரிந்தவர் வீட்டில் செத்த கம்ப்யூட்டரில் நல்ல கம்பெனியின் 450 வாட் சும்மா கிடக்கும், விசாரியுங்கள்.

கரண்ட் கணக்கு: 580-க்கும் 1060-க்கும் வித்தியாசம் 65 வாட். தினமும் மூன்று மணி நேரம் ஆடினால் 60 நாளில் 180 மணி நேரம். பெருக்கினால் 11.7 யூனிட், அதாவது இரண்டு மாத பில்லில் 12 யூனிட்கூட முழுசாக வராது. அம்மா பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. மதுரை வெயிலில் ரூமுக்குள் சேர்கிற சூடுதான் கூடுதல் தொல்லை.

மைனிங் விஷயம். 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்ற கிரிப்டோ காசு தன் முறையையே மாற்றியதும் கார்டு வைத்து அதை எடுக்கும் வேலை அன்றோடு நின்றது. அதற்கப்புறம் சில மாதம் என் கடைக்குக் கார்டுகள் அரிசி மூட்டை மாதிரி கோணியில் கட்டி வந்தன. பெரும்பாலும் 570, 580. அதனால் சொல்கிறேன், மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒரு கார்டைத் தள்ள வேண்டியதில்லை. ஒரே சூட்டில் நிதானமாக ஓடிய கார்டு, தினம் பத்து முறை கொதித்து ஆறிய கார்டைவிடச் சில சமயம் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போவது இரண்டு விஷயம்: ஃபேனும் மெமரியும்.

கார்டைக் கவிழ்த்துப் பிடித்து ஃபேனை விரலால் மெதுவாக ஆட்டுங்கள். லேசாக ஆடலாம், கடகடவென்று ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. கார்டின் பின்பக்கம், மெமரி சிப்கள் இருக்கும் இடத்தில் போர்டு மற்ற இடத்தைவிடக் கருத்திருக்கிறதா பாருங்கள். ஓரத்தில் எண்ணெய் கசிந்த மாதிரி பிசுபிசுப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், சூட்டைக் கடத்த வைத்திருக்கும் தெர்மல் பேடிலிருந்து வருவதுதான் அது. இங்கே ஒரு கதை. ஒரு தடவை கருப்பாகப் பிசின் படிந்த ஒரு 1060 வந்தது. மைனிங் கார்டு என்று நானே முடிவு கட்டிவிட்டேன். கழற்றி ஐசோபுரோப்பைல் ஊற்றித் துடைத்தால் கடை முழுக்கச் சாம்பிராணி வாசனை. பூஜை அறைக்குப் பக்கத்தில் ஆறு வருடம் ஓடியிருக்கிறது.

அங்கே போனதும் ஃபர்மார்க் என்ற, கார்டை முழு வேகத்தில் வேலை வாங்கும் சோதனை புரோகிராமை 15 நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். 80 டிகிரியைத் தாண்டாமல், திரையில் புள்ளியோ கோடோ வராமல் இருந்தால் எடுக்கலாம். முதல் ஐந்து நிமிடத்தில் டீ கொடுத்துப் பேச்சை மாற்றுவார்கள். டீயைக் குடியுங்கள், கண் திரையில் இருக்கட்டும்.

பூண்டுரசம்:

2048 என்று வந்துவிட்டதால் நான் பின்வாங்குகிறேன். ஆனால் ஒன்று பதிவு பண்ணிக்கொள்ளுங்கள்: என்விடியா 1060 அடங்கிய 10 வரிசைக்கு கேம் டிரைவர் கொடுப்பதை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். என் 580 லினக்ஸில் ஓடுகிறது, அங்கே திறந்த மூல டிரைவர் என்பதால் எனக்கு இன்னும் அப்டேட் வருகிறது.

சாலிடர்வாசனை:

உண்மை. விண்டோஸ் பக்கம் 580-ஐச் செய்த ஏஎம்டியும் 2023 கடைசியிலேயே 580-ஐத் தனி வரிசைக்குத் தள்ளி, வேலையைக் குறைத்துக்கொண்டது. இரண்டுமே ஓய்வு பெற்ற கார்டுகள்தான். அவர் கேட்கிற மூன்று கேமும் வந்து வருடங்கள் ஆகின்றன, அவற்றுக்குப் புது டிரைவர் வராவிட்டால் குடி முழுகிவிடாது. டூம் தி டார்க் ஏஜஸ் மாதிரி ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களைக் கணக்கிடும் வசதி) கார்டில் இல்லாமல் திறக்கவே திறக்காத கேம்கள் பக்கம் மட்டும் போகக்கூடாது.

தூங்காநகரம்:

வாங்கிவிட்டேன்! ஷேடர்ஸ் 1280. ஃபர்மார்க்கில் 76 டிகிரி. டீ உண்மையிலேயே கொடுத்தார். ஒரு ஃபேன் லேசாகக் கரகரவென்றதைக் காட்டி, 5,500-ஐ 4,900-க்குக் கொண்டுவந்தேன். சப்ளை நண்பனின் பழைய கம்ப்யூட்டரிலிருந்து 450 வாட், காசு வாங்கவில்லை, பரோட்டாவோடு போயிற்று. கன்வெர்ட்டர் கேபிள் 350.

ஆனால் இரவு மாட்டிவிட்டு ஆன் பண்ணினால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. ஒரு மணி நேரம் வியர்த்துவிட்டது. திருமங்கலத்துக்காரருக்கு போன் போட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்று நம்பரைத் தேடும்போது தம்பி பின்னால் எட்டிப் பார்த்து, "அண்ணே, ஒயரு மதர்போர்டுல இருக்கு" என்றான். மானிட்டரில் விஜிஏ என்ற பழைய வகை ஒயர் இடம் மட்டும்தான், கார்டில் விஜிஏவே இல்லை. அதனால் பழக்கதோஷத்தில் பழைய இடத்திலேயே செருகியிருக்கிறேன். டிவிஐயில் மாட்டும் சின்ன அடாப்டர் ஒன்று வீட்டில் கிடந்தது, அதைப் போடலாமா?

சாலிடர்வாசனை:

அது வேலை செய்யாது. 1060-இன் டிவிஐயில் அனலாக் சிக்னலே கிடையாது. எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்குகிற, உள்ளே சிப் இருக்கும் கன்வெர்ட்டர் வாங்குங்கள், 300-க்குள் முடியும். வாங்கும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

தூங்காநகரம்:

வந்துவிட்டது. எல்டன் ரிங் மீடியத்தில் 45-க்கும் 55-க்கும் நடுவில் ஓடுகிறது. சரியாகச் சொல்லணும் என்றால் ஓடுவதைப் பார்த்தேன், அவ்வளவுதான். கண்டுபிடித்தவன் என்ற உரிமையில் தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.