ஜொகூர் பாலத்து விதிகளும் நம் வியாபாரமும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஜேபி துணிக்கடை

வணக்கம். ஜொகூர் பாருவில் (ஜேபி) ஜாலான் உங்கு புவான் பக்கம் அப்பா காலத்துத் துணிக்கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) 3 மலேசிய ரிங்கிட்டைத் தாண்டியதிலிருந்து ஜொகூர்க் கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம் என்று வெளியூரில் பேசுகிறார்கள். வெள்ளியின் மதிப்பு உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கல்லாவை நிரப்புவதும் காலி செய்வதும் ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தின் விதிகள்தான்.

2020 மார்ச் 18 அன்று கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பாலம் மூடியது. எங்கள் வரிசையில் காசு மாற்றும் கடைகள்தான் முதலில் இழுத்து மூடின, பிறகு பூக்கடை. அந்தத் தீபாவளிக்கு உள்ளூர்க்காரர்கள் வந்தார்கள், அவர்களால்தான் கடை பிழைத்தது. பட்டுப் பக்கம் மட்டும் யாரும் உட்காரவே இல்லை. 2021 நவம்பர் 29இல் தடுப்பூசி போட்டவர்களுக்குப் பேருந்தில் மட்டும் வழி விட்டார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு. வந்தவர்கள் பெற்ற தாயையும் பிள்ளையையும் பார்க்க வந்தவர்கள், அவர்களிடம் எந்தக் கடைக்காரன் வியாபாரம் எதிர்பார்ப்பான்? 2022 ஏப்ரல் 1 நள்ளிரவில் முழுதாகத் திறந்தபோது மோட்டார் சைக்கிள்கள் ஹாரன் அடித்துக்கொண்டே பாலத்தைக் கடந்தன. அந்தச் சத்தம் எங்களுக்கு நாதஸ்வரம்.

இப்போது பேச வேண்டியது சிங்கப்பூர் திரும்பும்போது உள்ள வரி. 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தால் 100 வெள்ளிப் பொருளுக்குத்தான் விலக்கு, அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 48 மணி நேரம் தங்கினால் விலக்கு 500 வெள்ளி. காலையில் வந்து மாலையில் போகும் அம்மா மூன்று பட்டு பார்ப்பார், ஒன்றோடு எழுந்துவிடுவார். பள்ளி விடுமுறையில் குடும்பமாக ஹோட்டல் எடுத்து இரண்டு இரவு தங்குபவர்கள் மூன்றையும் எடுப்பார்கள். ஹோட்டல் நிரம்பும் வாரத்தில்தான் எங்கள் பட்டு விற்கிறது. பில்லைக் குறைத்துப் போடச் சொல்பவர்களும் உண்டு. நான் அதைச் செய்வதில்லை. சோதனையில் பிடிபட்டால் மாட்டுவது வாடிக்கையாளர்தான்.

தஞ்சாவூர்க்காரன், சிங்கப்பூரில் வேலை

அண்ணே, எங்களைப் போன்றவர்கள் கதை வேறு. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜேபி கட்டடங்கள் கண்ணுக்குத் தெரியும், ஆனால் இந்தியக் கடப்பிதழுக்கு விசா வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக யார் விசா எடுப்பார்கள்? 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாமல் அனுமதி என்று மலேசியா அறிவித்ததும் எங்கள் அறையில் இருந்த எல்லாரும் கிளம்பிவிட்டோம். இப்போது ஜேபியில் உள்ள கண்ணாடிக் கோயிலுக்குப் போனால் தமிழ்நாட்டுப் பேச்சுதான் அதிகம் கேட்கிறது.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று: மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையைப் போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பிவிடுங்கள். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது தேவையில்லை, நமக்கு உண்டு. ஒரு குடும்பம் கவுண்டர் பக்கத்தில் ஒதுங்கி நின்று, அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனில் நிரப்பியதைப் பார்த்தேன்.

ஆனால் அண்ணே, நீங்கள் சொன்ன 100 வெள்ளி விலக்குகூட எங்களுக்கு இல்லை. சிங்கப்பூர் வேலை அனுமதி வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தாது. அதனால் ஜேபியில் நான் செலவழிப்பது சாப்பாடு, முடிவெட்டு, கோயில், இவ்வளவுதான். வாழையிலைக் கடைக்காரருக்கு நான் வாடிக்கையாளர். உங்கள் கடையில் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

ஈசூன் அப்பா

சிங்கப்பூர்க் கார்க்காரர்கள் சார்பில் கொஞ்சம். புறப்படும்போது முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும், 1991 முதல் உள்ள விதி. அங்கே போய் மானிய விலை ரோன் 95 பெட்ரோல் போடவும் முடியாது. மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி இல்லாவிட்டால் 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் அபராதம். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் அந்தப் பதிவு வேலைக்குப் பயந்தே போவதை நிறுத்திவிட்டார். மாதா மாதம் அங்கே அரிசியும் மளிகையும் வாங்கியவர். நல்ல மாற்றமும் உண்டு: 2024 மார்ச்சிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் கடப்பிதழுக்குப் பதில் கார் முழுவதுக்கும் ஒரே கியூஆர் குறியீடு போதும்.

ஜேபி துணிக்கடை

தஞ்சாவூர்த் தம்பி, துணியைத் தொட்டுப் பார்க்கவாவது வாங்க, தேநீர் என் செலவு.

ஈசூன் அண்ணன் சொன்ன பெரியவரைப் போல எனக்கும் சிலர் குறைந்துவிட்டார்கள். இனி என் கவலையும் நம்பிக்கையும் ரயில்தான். 2026 இறுதிக்குள் தயாராகும் என்ற புக்கிட் சாகார் – உட்லண்ட்ஸ் நார்த் ரயிலில் இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும், பயணம் 5 நிமிடம்தான். நிலையத்திலிருந்து எங்கள் தெருவுக்கு நடந்தே வரலாம். வாடகை இப்போதே ஏறுகிறது. ஆனால் ரயிலில் வருபவர் கையில் பிடிக்கும் அளவுக்குத்தான் வாங்குவார், 100 வெள்ளி விலக்கும் அப்படியே இருக்கிறது. கடையை இரவு 8 மணிக்கு மூடுகிறேன், 10 வரை நீட்டினால் ஓர் ஆள் கூடுதலாக வேண்டும். சிங்கப்பூரில் இருப்பவர்கள் உள்ளபடி சொல்லுங்கள்: ரயில் வந்தால் வேலை நாள் சாயங்காலத்தில் வருவீர்களா?