நிவாரணப் பணம்: "ஏரிக்குள்ள ஏன் வீடு கட்டினான்?"

சங்க உறவுகளுக்கு வணக்கம்.

நம் சங்கம் கொடுக்கப்போகும் வெள்ள நிவாரணப் பணத்தைப் பற்றிப் பேசும்போது, "ஏரிக்குள்ள ஏன் வீடு கட்டினான்?" என்று சார்ஜா அண்ணன் கேட்டதற்கு நாலைந்து பேர் "சரியாச் சொன்னீங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையேறியது. 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் ஊத்தங்கரையில் கொட்டியது 50 செ.மீ. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வருஷம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல். வேனும் காரும் ஏரித் தண்ணீரில் உருண்டு போனதை எல்லோரும் வாட்ஸ்அப்பில் பார்த்தோம். அவை நின்றது சாலையோரத்தில், ஏரிக்குள் இல்லை. சாத்தனூர் அணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்ததும் தென்பெண்ணைக் கரையில் முழுகிய ஊர்களில் பல, 1958-இல் அந்த அணை திறக்கும் முன்பே இருந்தவை. இவர்களிடம் போய் "ஏன் அங்கே இருந்தாய்" என்று கேட்க முடியுமா?

சரி, ஏரியை ஒட்டிய வீடுகளுக்கு வருவோம். நம் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கோடி போவது (உபரி நீர் வழிவது) எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை? சீமைக்கருவேலம் மண்டி, மாடு மேய்ந்துகொண்டிருந்த இடத்தைத்தான் மனை என்று காட்டினார்கள். வாங்கியவருக்குப் பத்திரம் பதிவானது, மின் இணைப்பு வந்தது, வீட்டு வரி ரசீதும் வந்தது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றும் சட்டம் 2007-லேயே இருக்கிறது. அதைக் கையில் வைத்திருந்த அதிகாரிகளை விட்டுவிட்டு, தவணை கட்டி ஒன்றரை சென்ட் வாங்கியவரைப் பிடிக்கிறோம்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊரில் மேட்டு மனைகள் யார் பெயரில் இருக்கின்றன? பாதி இந்தக் குழுவில் இருப்பவர்கள் பெயரில்தான். துபாயிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து நாம் விலையை ஏற்றினோம். கல்லு நட்டு, கம்பி வேலி போட்டு, காலியாகவே வைத்திருக்கிறோம். கூலிக்காரருக்கு மிஞ்சியது பள்ளம்.

தெரிந்தே கோடிக்கால்வாயை மறித்துக் காம்பவுண்டு எழுப்பியவர்களை நானும் விடச் சொல்லவில்லை. அடுத்த ஏரிக்குப் போக வேண்டிய தண்ணீர் தெருவுக்குள் திரும்புவது அவர்களால்தான். ஆனால் அவர்கள் நிவாரணத்துக்கு வரிசையில் நிற்கப் போவதில்லை.

ஆகவே என் யோசனை: வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த எல்லோருக்கும் கொடுப்போம், பட்டா கேட்க வேண்டாம். அடுப்பு நனைந்தவரிடம் சர்வே எண் விசாரிப்பது நம் சங்கத்துக்கு அழகில்லை. அப்புறம், ஊரில் இருக்கும் தம்பிகள் யாராவது ஏரி, கால்வாய் சர்வே எண்களுக்குப் புல வரைபடமும் (நில அளவைப் படம்) 'அ' பதிவேட்டு (எந்த நிலம் என்ன வகை, யார் பெயரில் என்ற வருவாய்த்துறைப் பதிவு) நகலும் எடுத்து அனுப்புங்கள்; செலவை நான் தருகிறேன். கால்வாய் எங்கே மறைந்தது என்று தெரிந்தால் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம். அதில் நம் ஆள் மனையே வந்தாலும் கொடுக்க வேண்டும். சம்மதமா என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.