டால்பின் பாடியை உட்கார வைக்க யோசனை வேணும்

வணக்கம், கோத்தகிரியிலிருந்து எழுதுறேன். அப்பாவோட பழைய சிபானி டால்பின் காரைப் பிரிச்சுப் போட்டு வேலை பார்க்கிறேன். ஒரு காலத்தில் சென்னை பக்கம் சோழவரத்தில் ரேஸ் ஓடின ஜாதி. 848 சிசி அலுமினிய இன்ஜின், பின் சக்கர டிரைவ்.

வெறும் சேஸி மேல ஃபைபர் பாடியை வெச்சு போல்ட்டை முறுக்கினப்போ கதவு அழகா மூடுச்சு. இன்ஜினை உள்ளே இறக்கி வெச்சதும் வலது கதவு கீழே உரசுது, மேலே சுண்டுவிரல் நுழையுது. பாடிக்கும் சேஸிக்கும் நடுவுல இருந்த பழைய ரப்பர் பேடெல்லாம் பிஸ்கட் மாதிரி நொறுங்கிப்போச்சு, புதுசுதான் வெட்டிப் போட்டிருக்கேன். இன்னும் இறுக்கினா ஃபைபர் விரிசல் விட்டுடுமோன்னு பயம். இன்ஜின் பாரத்தோடயே போல்ட்டைத் தளர்த்தி ஷிம் (இடைவெளிக்கு வைக்கிற மெல்லிசு தகடு) வைக்கணுமா, இல்ல சேஸியே வளைஞ்சிருக்குமா? ஒரு மெக்கானிக் "ஃபைபர்தானே, கதவைத் தேய்ச்சுடலாம்"னார். மனசு கேக்கல.

இன்னொண்ணு, இந்தக் குளிர்ல ஃபைபர் வேலைக்குப் பூசுற ரெசின் பசை காயாம நாள் கணக்கா பிசுபிசுன்னே நிக்குது. பல்பு போட்டுச் சூடு காட்டலாமா? குன்னூர், ஊட்டி பக்கம் ஃபைபர் வேலை தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க.