பைபாஸ் பட்டறைக் குழு: ஒரு இஞ்ச் கன், கழலாத லாரி நட்டு

டயர்க்கடை தம்பி, காலை 7:12
அண்ணா, புதுசா வாங்கின ஒரு இஞ்ச் ஏர் கன் (சாக்கெட் மாட்டுற சதுர முனை ஒரு இஞ்ச்), லாரி பின் வீல் நட்டைக் கழட்டவே மாட்டேங்குது. படபடன்னு அடிக்குது, நட்டு அசையல. கம்ப்ரசர் மீட்டர் 150 பவுண்டு காட்டுது. கன்னை மாத்திக் கேட்கலாமா?

கம்ப்ரசர் அண்ணன், 7:15
இப்பவே மாத்தாத தம்பி. முதல்ல மூணு விஷயம் சொல்லு. கம்ப்ரசர் எத்தனை எச்.பி., டேங்க் எத்தனை லிட்டர், கன்னுக்குப் போற ஓஸ் என்ன சைஸ்?

டயர்க்கடை தம்பி, 7:16
3 எச்.பி., 160 லிட்டர். ஓஸ் 8 எம்.எம். பி.யு. சுருள் ஓஸ், கால் இஞ்ச் கப்ளர் (ஓஸை கன்னோட சேர்க்கிற பூட்டு). காத்து அடிக்கிறதுக்குப் போட்டிருந்த அதே லைன்தான்ணா.

கம்ப்ரசர் அண்ணன், 7:21
கோளாறு அங்கதான். பி.யு. ஓஸ்ல 8 எம்.எம்.ங்கிறது வெளிவிட்டம். உள்ள ஓட்டை 5 எம்.எம்.தான். ஒரு இஞ்ச் கன்னுக்கு உள்விட்டம் முக்கால் இஞ்ச், அதாவது 19 எம்.எம். வேணும். 5-க்கும் 19-க்கும் பரப்பளவுல 14 மடங்கு வித்தியாசம். டயருக்குக் காத்து பிடிக்க அந்த ஓஸ் போதும், மெதுவா ஏறினாலும் கடைசியில ஏறிடும். கன்னுக்குக் காத்து அந்த நொடியே வந்தாகணும்.

லாரி மெக்கானிக் அண்ணன், 7:24
மீட்டர் 150 காட்டுதுன்னு சொன்னியே, அது கன் ஓடாம நிக்கும்போது டேங்க்ல இருக்கிற பிரஷர். கன் மேல எழுதியிருக்கிற பலம், கன் வாசல்ல, அதாவது காத்து உள்ள நுழையிற இடத்துல, ட்ரிக்கரை அழுத்திப் பிடிச்சிருக்கும்போது 90 பவுண்டு இருந்தா கிடைக்கிறது. ரெண்டும் ஒண்ணு இல்ல.

லேத் மாமா, 7:26
அதை அளந்தே பார்த்துடலாம்பா. கன் வாசல்ல மூணு வாய் இருக்கிற டீ இணைப்பு ஒண்ணு போட்டு, 0 முதல் 200 வரைக்கும் இருக்கிற சின்ன மீட்டர் ஒண்ணு மாட்டு. சாக்கெட் இல்லாம ட்ரிக்கரை 5 செகண்ட் பிடி. முள்ளு எவ்வளவு இறங்குதுன்னு இங்க போடு.

டயர்க்கடை தம்பி, 8:40
மாட்டிட்டேன் மாமா. நிக்கும்போது 140. ட்ரிக்கரை அழுத்தினா 45.

லேத் மாமா, 8:42
வேண்டிய 90-ல பாதிதான் வருது. அதே மீட்டரை இனி ஒவ்வொரு படியா பின்னாடி கொண்டுபோ. கப்ளருக்கு முன்னாடி, அப்புறம் ஃபில்டர் ரெகுலேட்டருக்கு (காத்தை வடிகட்டி பிரஷரை அளவா வைக்கிறது) முன்னாடி, அப்புறம் டேங்க் வால்வு பக்கத்துல. ஒவ்வொரு இடத்துலயும் ட்ரிக்கரை அழுத்திப் பாரு. எந்த ரெண்டு இடத்துக்கு நடுவுல நிறைய விழுதோ, அங்கதான் அடைப்பு. அளக்காம ஒவ்வொண்ணா மாத்துனா காசுதான் வீண்.

டயர்க்கடை தம்பி, 9:20
டேங்க் கிட்ட 130. ரெகுலேட்டர் தாண்டி 100. ஓஸ் முடிவுல 60. கப்ளர் தாண்டி கன் வாசல்ல 45.

கம்ப்ரசர் அண்ணன், 9:27
ரெகுலேட்டர்ல 30, ஓஸ்ல 40, கப்ளர்ல 15. மூணையும் மாத்தணும்.

ரப்பர் ஓஸ் உள்விட்டம் முக்கால் இஞ்ச், 20 கிலோ பிரஷர் தாங்குறது, 10 மீட்டர். அதுக்கு மேல நீளம் வேண்டாம். டேங்க்ல இருந்து வேலை நடக்கிற இடம் தூரமா இருந்தா ஒரு இஞ்ச் ஜி.ஐ. பைப்பை சுவத்துல ஓட்டி, அதுல இருந்து இந்த 10 மீட்டரை எடு. சுருள் ஓஸ் கூடவே கூடாது. நீட்டினா 5 மீட்டர்தான்னு தோணும், உள்ள காத்து சுத்திச் சுத்தி வர்றது அதை விட ரொம்ப அதிக நீளம்.

டேங்க் வாசல் வால்வு அரை இஞ்சா இருந்தா முக்காலுக்கு மாத்து. ஃபில்டர் ரெகுலேட்டரும் முக்கால் இஞ்ச் வாசல் உள்ளது. கால் இஞ்ச் கப்ளரை வீசிட்டு, ரெண்டு காது இருக்கிற கிளா கப்ளிங் போடு. அதுக்குப் பூட்டுக் கம்பி கட்டாயம். கழண்டா முக்கால் இஞ்ச் ஓஸ் பாம்பு மாதிரி அடிக்கும், முகத்துல பட்டா பல்லு போயிடும்.

லேத் மாமா, 9:31
கன் வாசல் மரை அரை இஞ்ச். அதுல அமெரிக்க மரை என்.பி.டி.யா, பிரிட்டிஷ் மரை பி.எஸ்.பி.யான்னு பாத்து நிப்பிள் வாங்கு. அரை இஞ்ச்ல ரெண்டுக்கும் இஞ்சுக்கு 14 மரைதான், அதனால ஏறிடும். ஆனா மரையோட கோணம் வேற, ஒழுகும். இறுக்கி இறுக்கி வாசலையே உடைச்சவங்க இருக்காங்க.

டயர்க்கடை தம்பி, 9:34
என் 3 எச்.பி. போதுமா அண்ணா? பக்கத்துல 5 எச்.பி. வாங்கச் சொல்றாங்க.

கம்ப்ரசர் அண்ணன், 9:43
கணக்குப் போட்டுப் பாரு. 160 லிட்டர் டேங்க் 150-ல இருந்து 90-க்கு இறங்கினா வெளிய வர்ற காத்து ஏறக்குறைய 650 லிட்டர். ஒரு இஞ்ச் கன் விடாம ஓடுனா நிமிஷத்துக்கு 1200 லிட்டர் மாதிரி குடிக்கும். உன் 3 எச்.பி. நிமிஷத்துக்கு நிஜமாத் தர்றது 280 லிட்டர் வாக்குல. (பெட்டியில எழுதியிருக்கிறது பிஸ்டன் கணக்கு, அது இதைவிடக் கூடவே இருக்கும்.) கழிச்சா 40 செகண்ட் சுமார் ஓட்டலாம். 10 நட்டு, நட்டுக்கு 4 செகண்ட்னா ஒரு வீலுக்கு சரியா வரும். அடுத்த வீலுக்கு முன்னாடி ரெண்டரை நிமிஷம் நிக்கணும். ஒரு நாளைக்கு 10 வீல் கழட்டுறவனுக்கு இது போதும். நாள் முழுக்க லாரி நிக்கிற கடைன்னா 5 எச்.பி. ரெண்டு ஸ்டேஜ், 300 லிட்டர் டேங்க்.

மோட்டார் ரீவைண்டிங் அண்ணன், 9:46
கம்ப்ரசரையும் சோதிச்சுடு. காலி டேங்க் 150 ஏற எத்தனை நிமிஷம்னு பாரு. 6 நிமிஷம் பக்கம்னா சரி. 10 தாண்டினா பெல்ட் தளர்ச்சி, ஏர் ஃபில்டர் அடைப்பு, இல்லேன்னா வால்வு பிளேட் கசிவு. ஃபில்டர்தான் முதல்ல பாக்கணும், டயர்க்கடைத் தூசு சும்மா விடாது.

லாரி மெக்கானிக் அண்ணன், 9:52
கன் பக்கமும் நாலு விஷயம் இருக்கு தம்பி. கைப்பிடி வாசல்ல சின்ன வலை இருக்கும், அதுல டெஃப்லான் டேப் துண்டும் ஓஸ் ரப்பர் பொடியும் உக்காந்துக்கும். கழட்டி ஊது. புதுக் கன்னுல கூட டேப் போட்டு மாட்டின அன்னைக்கே அடைச்சிருக்கு.

அடுத்து எண்ணெய். தினமும் காலைல வாசல்ல நாலஞ்சு சொட்டு ஏர் டூல் ஆயில், இல்ல 32 நம்பர் மெல்லிய எண்ணெய். இன்ஜின் ஆயில் வேண்டாம். கெட்டியா இருக்கிறதால ரோட்டர்ல இருக்கிற பிளேடு பள்ளத்துலயே ஒட்டிக்கும், சுவர்ல உரசாது, காத்து பக்கவாட்டுல தப்பிப் போயிடும். சத்தம் வரும், பலம் வராது. டேங்க் தண்ணியை சாயங்காலம் வடிச்சு விடு, இல்லேன்னா கன் உள்ள துருப்பிடிக்கும்.

சாக்கெட் 32-ஆ 33-ஆ?

டயர்க்கடை தம்பி, 9:54
33 எம்.எம். சதுர ஓட்டை முக்கால் இஞ்ச் இருக்கிற சாக்கெட், அடாப்டர் போட்டு, நீட்டுக் கம்பியும் சேர்த்து.

லாரி மெக்கானிக் அண்ணன், 9:58
அதுவும் பலத்தைத் திருடுது. ஒவ்வொரு இணைப்புலயும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், நீளக் கம்பி முறுக்குல வில்லு மாதிரி வளையும். கன்னோட அடி நட்டுக்குப் போகாம அங்கயே கரைஞ்சிடும். ஒரு இஞ்ச் கருப்பு இம்பாக்ட் சாக்கெட் நேரா மாட்டு. உள் வீலுக்கு நீட்டு வேணும்னா ஒரே துண்டா இருக்கிற நீள சாக்கெட். குரோம் சாக்கெட் வெடிச்சுச் சிதறும், தொடவே வேண்டாம். பழைய வண்டியில இடப்பக்கத்து ஸ்டட் (நட்டு ஏறுற மரைக் கம்பி) முனையில எல் எழுத்து இருந்தா இடது மரை, திசையை மாத்திப் பிடி.

டயர்க்கடை தம்பி, 10:02
ரெகுலேட்டரை 120-க்கு ஏத்தினா சீக்கிரம் வேலை ஆகாதா?

கம்ப்ரசர் அண்ணன், 10:04
ஆகும், ஆனா கன் போயிடும். கன்னுக்குள்ள அடிக்கிற சுத்தியலும் முன்னாடி வர்ற சதுர முனையும் உடையும். ட்ரிக்கரை அழுத்தினபடி கன் வாசல்ல 90 வர்ற மாதிரி வை, அதுக்கு மேல போகாத.

லாரி மெக்கானிக் அண்ணன், 10:07
90 இருந்தும் 10 செகண்டுல வரலேன்னா விடு. மரையில துருப் போக்குற எண்ணெய் அடிச்சு கால் மணி நேரம் ஊறவிட்டு மறுபடி அடி. விடாம 30 செகண்ட் அடிச்சா ஸ்டட் முறியும்.

மாட்டும்போது கன்னால கடைசி இறுக்கு போடாத. எதிரெதிரா வரிசையில கன்னால லேசா உக்கார வச்சுட்டு, இறுக்கை அளந்து காட்டுற டார்க் ரெஞ்சால முடி. 22 எம்.எம். ஸ்டட்டுக்குப் பெரும்பாலும் 600 நியூட்டன் மீட்டர் பக்கம், வண்டி புக்கைப் பார்த்துக்கோ. 50, 100 கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை மறுபடி பார்.

டயர்க்கடை தம்பி, மாலை 5:48
எல்லாம் மாத்திட்டேன் அண்ணா. ட்ரிக்கர் அழுத்தினா கன் வாசல்ல 88. அதே வீல், 10 நட்டும் கழண்டுருச்சு. ஒண்ணு மட்டும் எண்ணெய் ஊறவிட வேண்டியதாப் போச்சு.

லேத் மாமா, 5:50
அந்த ஸ்டட் மரையை வயர் பிரஷ் போட்டுப் பாரு தம்பி. அடிபட்டிருந்தா மாட்டாத, நாளைக்குக் கொண்டா.