சலங்கையை அவிழ்த்த அண்ணாச்சியும் அவர் காலை வரைந்த ஓவியரும்

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து

எங்கள் வட்டாரத்துச் சுடலைமாடன் கோயில் கொடைவிழாக்களில், மகுடம் என்னும் தோல்கருவியின் அடிக்கு ஆடும் கணியான் கூத்து பார்த்தவர்கள் அண்ணாச்சியை மறந்திருக்க முடியாது. பெண் வேடமிட்டு ஆடும் இருவரில் உயரமானவர். இந்தக் கொடையோடு ஆட்டத்தை நிறுத்திக்கொள்வதாக முன்பே சொல்லியிருந்தார். விடியும் நேரத்தில் ஊரார் பொன்னாடை போர்த்திய பிறகு, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் இளைஞர் ஒருவர் தாம் வரைந்த கரிக்கோல் ஓவியத்தை அவர் கையில் கொடுத்தார். அதில் முகமில்லை, கொண்டையில்லை, சேலையுமில்லை. சலங்கை கட்டிக் கட்டித் தோல் கறுத்துத் தடித்துப்போன இரண்டு கால்கள் மட்டுமே இருந்தன. டியூப்லைட் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "மொகத்த எங்கய்யா?" என்று கேட்டார். ஓவியர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணாச்சி ஓவியத்தைத் தரையில் வைத்து, சேலையைச் சற்றே தூக்கி, தம் காலை அதன் அருகில் ஊன்றி ஒப்பிட்டுப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மகிழ்ந்தாரா, மனம் நொந்தாரா என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து

அன்று நானும் அங்கிருந்தேன். அவர் நொந்துதான் போனார். அதில் நியாயமும் இருக்கிறது. கால் தழும்பு அவர் பட்ட பாட்டைக் காட்டும், ஆனால் அவர் கற்ற கலையைக் காட்டாது. முந்தைய ஆண்டு கோயிலுக்குப் பின்புறம் அவர் வேடமிட்டதைப் பார்த்தேன். வேப்பமரத்தில் கைக்கண்ணாடியை மாட்டிவிட்டுப் புருவம் தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வைக்கோல் தீயில் மகுடத்தைக் காய்ச்சித் தோலை முறுக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். உயர்ந்த ஒலி தரும் உச்ச மகுடத்தைத் தட்டிப் பார்த்த முதல் அடியிலேயே அவர் தோள் அசைந்துவிட்டது, மை தீட்டிய விரலோ இம்மியும் நகரவில்லை. வரைந்திருக்க வேண்டியது அந்த முகத்தைத்தான். சேலைக்குள் அவரே மறைத்துவைத்திருந்த காலை ஊர் முன் விரித்துக் காட்டுவதை மரியாதை என்று எப்படிச் சொல்வது?

தென்காசியிலிருந்து

பாளையங்கோட்டைக்காரர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ரஷ்ய ஓவியர் செரோவ், 1909இல் பாரிஸில் நடந்த ரஷ்ய பாலே நிகழ்ச்சிகளின் விளம்பரத்துக்காக அன்னா பாவ்லோவாவை வரைந்தார். நுனிக்காலில் நிற்கும் அந்த உருவம் தரையில் பாரமே இல்லாததுபோல் இருக்கும். அதே பாவ்லோவா, நுனிக்காலில் நிற்பதற்காகக் காலணியின் முனையை அகலமாக்கிக் கெட்டிப்படுத்திக்கொண்டவர் என்றும், புகைப்படங்களில் அந்த அகலம் தெரியாதபடி திருத்தச் செய்தவர் என்றும் சொல்வார்கள். பாரமின்மையைக் காட்டும் பாலேக்கு அந்த மறைப்பு பொருந்தலாம். மண்ணில் ஓங்கி மிதித்து விடிய விடிய ஆடும் கூத்துக்கு அது எதற்கு? அண்ணாச்சி ஆடியதை நான் பார்த்தது ஒரே முறைதான், அதுவும் கூட்டத்தின் கடைசியில் நின்று. முகம் தெரியவில்லை, சலங்கை மட்டும் கேட்டது. அந்த ஓவியம் என்னைப்போல் தொலைவில் நின்றவர்களுக்கானது.

வள்ளியூரிலிருந்து

அண்ணாச்சியின் வீட்டில் அந்த ஓவியத்தைப் பார்த்தேன். சட்டம் போடாமல் அலமாரியில் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் சட்டம் போடும் தொழில் செய்பவன் என்பதால் சொல்கிறேன். கரிக்கோல் ஓவியத்தைத் துணியால் துடைக்கவே கூடாது, கரி காகிதத்தில் ஒட்டியதல்ல, படிந்ததுதான். கரி உதிராமல் பிடித்துவைக்க அதற்கென்று விற்கும் நிலைநிறுத்தியை (ஃபிக்சேடிவ்) சற்றுத் தள்ளி நின்று மெல்லிய படலமாகத் தெளித்துக் காயவிட வேண்டும். சிலர் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயைத் தெளிக்கிறார்கள். நாளடைவில் காகிதம் மஞ்சளாகிவிடும். கண்ணாடி ஓவியத்தின் மேல் படாதபடி இடையில் கனத்த அட்டை வைக்க வேண்டும், இல்லையென்றால் கரி கண்ணாடிக்கு ஏறிவிடும். வெயில் விழும் சுவரும் ஓதம் ஏறும் சுவரும் ஆகாது. ஊதுபத்திப் புகையும் காகிதத்தில் படியும் என்பதால் சாமிப் படங்களோடு சேர்த்து மாட்டவும் வேண்டாம்.

மீண்டும் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து

வள்ளியூர்க்காரர் சட்டம் போடுவது பற்றிச் சொன்னதை அண்ணாச்சி வீட்டில் சொல்லிவிடுகிறேன். நேற்று அந்த ஓவியரைப் பார்த்தேன். முகத்தையும் வரைந்து தருவதாகவும், அதற்காக ஒருமுறை வேடமிட்டு உட்காரும்படியும் அண்ணாச்சியிடம் கேட்டிருக்கிறார். சலங்கையை அவிழ்த்த பிறகு படத்துக்காக வேடம் கட்ட மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டாராம். பழைய கொடைகளில் அவரை வேடத்தோடு அருகிலிருந்து எடுத்த புகைப்படம் யாரிடமாவது இருந்தால், அந்த ஓவியரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன்.