வேக்ஃபீல்டு கவுண்டி ஹால்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

சித்தப்பா (காலை 9:14): செப்டம்பரில் பழைய கட்டடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் பாரம்பரியத் திறந்த நாள்களின்போது, இங்கிலாந்தில் உங்கள் ஊரான வேக்ஃபீல்டுக்கு வந்து, அந்தக் கால வெஸ்ட் ரைடிங் கவுண்டியின் (மாவட்டத்தின்) நிர்வாகத் தலைமையகமாகக் கட்டிய கவுண்டி ஹாலைப் பார்க்கலாம் என்று நானும் சித்தியும் நினைத்திருக்கிறோம். நீ சென்ற ஆண்டு போய் வந்தாயே, அலுவலகக் கட்டடம்தானே, அரை மணி நேரம் போதுமா?

நான் (9:31): போதாது சித்தப்பா. நானும் அப்படி நினைத்துத்தான் உள்ளே நுழைந்தேன். வெளியே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உட் ஸ்ட்ரீட்டில் உயரமான மணிக்கூண்டோடு நிற்பது 1880இல் திறக்கப்பட்ட டவுன் ஹால். அதைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். சற்றுத் தள்ளித் தெருமுனையில் கும்மட்டத்தோடு நிற்பதுதான் 1898இல் திறக்கப்பட்ட கவுண்டி ஹால்.

தம்பி (9:40): அக்கா, லீட்ஸ்தானே பெரிய நகரம். தலைமையகத்தை ஏன் வேக்ஃபீல்டில் கட்டினார்கள்?

நான் (9:58): யார்க்‌ஷயர் என்ற இந்த வட இங்கிலாந்துப் பகுதி பழங்காலத்திலிருந்தே மூன்று பங்காகப் பிரிந்திருந்தது; அதன் மேற்குப் பங்குதான் வெஸ்ட் ரைடிங். ‘ரைடிங்’ என்ற சொல்லே மூன்றில் ஒரு பங்கு என்று பொருள்படும் பழைய நார்ஸ் சொல்லிலிருந்து வந்ததுதான். 1888ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மறு ஆண்டு வெஸ்ட் ரைடிங்குக்குத் தனிக் கவுண்டி கவுன்சில் அமைந்தபோது, லீட்ஸ், பிராட்ஃபோர்டு, ஷெஃபீல்டு போன்ற பெருநகரங்கள் தங்கள் நிர்வாகத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் கவுண்டி பரோக்களாகி, அந்தக் கவுன்சிலின் அதிகாரத்துக்கு வெளியே நின்றுவிட்டன. வேக்ஃபீல்டிலோ 1704 முதலே வெஸ்ட் ரைடிங் முழுவதற்குமான நிலப் பத்திரப் பதிவகம் இருந்தது. காரியம் முடிக்க இங்கே வருவது மக்களுக்குப் பழகியிருந்தது.

அண்ணி (10:05): உள்ளே தவறவிடக் கூடாதது எது என்று மட்டும் சொல்லிவிடு. குழந்தைகளையும் அழைத்து வரலாம் என்றிருக்கிறேன்.

நான் (10:22): கவுன்சில் மன்றத்துக்கு முன்னறை, அண்ணி. அதன் சுவர்களின் மேற்பகுதியில், ஹென்றி ஃபேர் என்ற சிற்பி செய்த வண்ணச் சுதைச் சிற்பம் ஒரு பட்டையாக ஓடுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அரியணைக்காக யார்க், லங்காஸ்டர் குலங்கள் மோதிய ரோஜாப் போர்களின் காட்சிகள் அதில் உள்ளன. கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் போர்களில் ஒன்று நடந்த இடம் அங்கிருந்து ஏறத்தாழ இரண்டு மைல்தான். 1460 டிசம்பர் 30ஆம் நாள் சாண்டல் கோட்டையருகே யார்க் கோமகன் ரிச்சர்டு கொல்லப்பட்டார். அவருடைய தலைக்குக் காகித மகுடம் சூட்டி யார்க் நகர வாயிலில் வைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. குழந்தைகளுக்கு அந்தக் கோட்டையின் இடிபாடுகளையும் அன்றே காட்டிவிடுங்கள், சுதையில் பார்த்தது மனத்தில் நிற்கும்.

சித்தப்பா (10:30): வெஸ்ட் ரைடிங் கவுன்சில் இப்போதும் அங்கேதான் இயங்குகிறதா?

நான் (10:47): இல்லை, சித்தப்பா. என்னை அதிகம் பாதித்தது அதுதான். அந்தக் கவுன்சில் 1974இல் கலைக்கப்பட்டது. பின்பு அதே கட்டடத்தில் அமர்ந்த மேற்கு யார்க்‌ஷயர் பெருநகரக் கவுண்டி கவுன்சிலும் 1986இல் கலைக்கப்பட்டது. அதன் பிறகே இது வேக்ஃபீல்டு கவுன்சிலிடம் வந்தது. யாருக்காகக் கட்டப்பட்டதோ அந்த நிர்வாகம் போய் அரை நூற்றாண்டு ஆன பின்னும், யார்க்‌ஷயரின் வெள்ளை ரோஜா மட்டும் உள்ளே பல இடங்களில் அப்படியே இருக்கிறது. சர் அலெக் கிளெக் 1945 முதல் 1974 வரை கல்வி அதிகாரியாக இருந்து, சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் ஓவியமும் இசையும் நடனமும் கிடைக்கச் செய்தது இந்தக் கவுன்சிலின் பணியாகத்தான். அந்தப் படிக்கட்டில் ஏறும்போது எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

தம்பி (10:55): செப்டம்பரில் எனக்குத் தேர்வு இருக்கிறது அக்கா. வேறு நாளில் வந்தால் உள்ளே விடுவார்களா?

நான் (11:08): முழுக் கவுன்சில் கூடும் நாளில் வா. கூட்டங்களைப் பொதுமக்கள் வந்து பார்க்க 1960ஆம் ஆண்டுச் சட்டமே உரிமை தந்திருக்கிறது. அந்த மசோதாவைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் அப்போது புதிய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த, பின்னாளில் பிரதமரான மார்கரெட் தாட்சர். காலியான மன்றத்தைப் பார்ப்பதைவிட, குப்பை அள்ளுவதைப் பற்றியும் பள்ளிப் பேருந்தைப் பற்றியும் உறுப்பினர்கள் அங்கே வாதிடுவதைக் கேட்பதே மேல் என்பேன். கூட்ட நாளைக் கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்துக்கொள்.

சித்தப்பா (11:15): அப்படியானால் காலை ரயிலிலேயே வந்துவிடுகிறோம். வெஸ்ட்கேட் நிலையத்திலிருந்து நடந்து வர முடியும் அல்லவா?

நான் (11:19): பத்து நிமிட நடைதான் சித்தப்பா. மதியச் சாப்பாடு நம் வீட்டில்; சித்தியிடமும் சொல்லிவிடுங்கள்.