மறுமொழி: ‘திரெட் இன்சர்ட்’ – தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பு மேசை:

வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான மோட்டார் மெக்கானிக் கையேட்டில் ஒரு பாடம் மட்டும் தொங்குகிறது. ஆயில் சேம்பரின் அடியில் இருக்கும் டிரெயின் பிளக் (பழைய எண்ணெயை வடிக்கக் கழற்றும் திருகு) மாட்டும் துளையின் மரை (திரெட்) கெட்டு எண்ணெய் கசிகிறது. கெட்ட துளையைப் பெரிதாக்கி, புதிதாக மரையிட்டு, உள்ளே எஃகுக் கம்பிச் சுருள் ஒன்றை ஏற்றினால் பழைய அளவு பிளக்கையே மாட்டலாம். ‘திரெட் இன்சர்ட்’ என்னும் அந்தச் சுருளுக்கு ஒரு சொல், மரை ‘ஸ்ட்ரிப்’ ஆவதற்கு ஒரு சொல், பிளக்குக்கு ஒரு சொல் வேண்டும். ‘புரியிழைச் செருகி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே நாக்கு சுளுக்குகிறது.

லேத்துப் பட்டறை:

அந்த பிளக்குக்குப் பட்டறையில் பெயர் ‘ஆயில் நட்டு’. அது நட்டே இல்லை, போல்ட். அதைத் திருத்தப் போனால் உங்களைத்தான் சிரிப்பார்கள்.

‘ஸ்ட்ரிப்’புக்குச் சொல் கையிலேயே இருக்கிறது. சேம்பர் அலுமினியம், பிளக் எஃகு. பழைய வாஷரையே திரும்பப் போடுவார்கள், லேசாகக் கசியும், கசிவை நிறுத்த இன்னும் இறுக்குவார்கள். 14 மி.மீ. பிளக்குக்குக் கார்களில் பெரும்பாலும் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். ஏர் கன்னை (காற்றழுத்தத்தில் இறுக்கும் கருவி) வைத்து அடித்தால் அந்த விசை எங்கேயோ போய்விடும். அடுத்த ஆயில் மாற்றத்தில் பிளக்கைக் கழற்றும்போது அலுமினியம் தேங்காய்த் துருவல் மாதிரி அதோடு சுற்றிக்கொண்டு வரும். இதைத்தான் ‘மரை வழிச்சிட்டு வந்துடுச்சு’ என்கிறோம். வழித்தல் என்றே போடுங்கள். மெதுவாகத் தேய்வது மழுங்கல். இரண்டும் ஒன்றல்ல, கையேட்டில் குழப்பிவிடாதீர்கள்.

தொல்லெழுத்து:

வழித்தல் நல்ல சொல், ஏற்கிறேன். ஆனால் ‘மரை’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பாடநூலில் மரை என்றால் நட்டு, இன்னொன்றில் திரெட். ‘மரை கழண்டவன்’ என்று ஊரில் சொல்லும்போது கழன்றது நட்டா திரெட்டா? திரெட் கழலாது, நட்டுதான் கழலும். சங்க நூல்களில் மரை ஒரு மான் வகை. ஒரே சொல்லின் மேல் எத்தனை பாரம்!

‘புரி’ என்பதே தூய்மையானது, துல்லியமானது. புரிதல் என்றால் முறுக்குதல். கயிற்றின் புரி, முப்புரி நூல், வலம்புரி, இடம்புரி என எல்லாம் ஒரே வேர். முல்லைப்பாட்டின் தொடக்கத்திலேயே திருமாலின் கையில் ‘வலம்புரி பொறித்த’ என்று வருகிறது. வலக்கை மரையை வலம்புரி என்றும் இடக்கை மரையை இடம்புரி என்றும் சொல்லிவிட்டால் முடிந்தது. இரண்டாயிரம் ஆண்டுச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் கடன் வாங்க வேண்டும்?

வடமராட்சி:

ஐயா, புரி என்பதில் எனக்கும் ஆட்சேபமில்லை. இலங்கையில் நாங்கள் நட்டைச் சுரை என்றும் திரெட்டைப் புரி என்றும்தான் படித்தோம். குழப்பமே வந்ததில்லை. ஆனால் சங்கை இதற்குள் கொண்டுவராதீர்கள், மாணவன் போல்டைத் தலைகீழாகச் சுற்றுவான்.

வலம்புரிச் சங்கைக் கூர்ச்சுழி மேலே இருக்குமாறு பிடித்துப் பாருங்கள். வாய் இடப்பக்கம் இருக்கும். உயிரியலார் அதை இடக்கைச் சங்கு என்பார்கள். பூசையில் சுழி கீழே வருமாறு பிடிப்பதால்தான் அது வலம். ஒரு சுருள் வலக்கையா இடக்கையா என்பது அதைத் தலைகீழாகப் பிடித்தாலும் மாறாது. ஆகவே வலம்புரிச் சங்கின் சுழற்சி சைக்கிளின் இடது பெடல் மரையோடுதான் ஒத்துப்போகும். சாதாரண போல்ட்டின் மரை, கடற்கரையில் மலிந்து கிடக்கும் இடம்புரிச் சங்கின் பக்கம். நீங்கள் சொல்வதுபோல் பெயரிட்டால் இரண்டும் மாறிவிடும்.

தொல்லெழுத்து:

இலக்கியம் சங்கைப் பிடிக்கும் விதத்தைத்தான் பார்க்கும். உயிரியலார் தங்கள் பெயரை மாற்றிக்கொள்ளட்டும்.

மொழிபெயர்ப்பு மேசை:

அண்ணன்மார்களே, இன்று புதன்.

தொழிற்பயிற்சி ஆசிரியர்:

வகுப்பில் ‘புரி போயிற்று’ என்று எழுதிப் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ‘புரி வழிந்தது, புரிகிறதா?’ என்று கேட்டால் பின்பெஞ்ச் முழுதும் சிரிக்கும். நாளைக்குப் பட்டறைக்குப் போகிற பிள்ளைக்கு அங்கே காதில் விழப்போவது மரை என்ற சொல்தான்.

சுருளுக்கு என் யோசனை ‘பூண்’. உலக்கை நுனி சிதையாமல் இருக்க இரும்புப் பூண் போடுகிறோம். மெத்தென்ற பொருளுக்குக் கெட்டியான உலோகக் காப்பு என்ற வேலையைத்தான் இந்தச் சுருளும் செய்கிறது. மரைப்பூண். மூன்று அசைக்குள் முடிகிறது. சுருள் வகைக்குச் சுருள்பூண், லேத்தில் கடைந்த கெட்டிக் குழல் வகைக்குக் குழல்பூண் என்று பிரித்துக்கொள்ளலாம்.

தொல்லெழுத்து:

பூண் வெளியே மாட்டுவது. உள்ளே போவதைப் பூண் என்பது உலக்கைக்குள் பூணைத் திணிப்பது போல. சுரை என்றால் உட்டுளை. தோட்டுத் திருகுக்குத் தட்டார் மாட்டுவதும் சுரைதான், அதன் உட்பக்கம் மரைதான். ஆகவே ‘உட்சுரை’. பூண்தான் வேண்டுமென்றால் புரிப்பூண் என்று வல்லினம் மிகுத்து எழுதுங்கள். மிகாவிட்டால் புரிபூண், வினைத்தொகை, முறுக்கிய நகை என்றாகிவிடும்.

லேத்துப் பட்டறை:

உட்சுரை என்றால் எங்கள் ஆள் சுரைக்காய் வாங்கி வருவான்.

சொல் எதுவானாலும் பாடத்தில் சில இடங்கள் தவறாக இருக்கின்றன, அச்சுக்கு முன் திருத்துங்கள். முதலில் கசிவு பிளக்கில்தானா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடிப்பாகத்தைத் துடைத்து, பிரேக் கிளீனர் அடித்து, கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி, வண்டியை ஓட்டிப் பார்த்தால் ஈரம் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். ஆயில் ஃபில்டரிலிருந்து வழிந்து பிளக்கில் வந்து சொட்டுவது சகஜம்.

‘சேம்பரைக் கழற்றத் தேவையில்லை’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். கழற்றிச் செய்வதே நல்லது. முடியாத இடத்தில் டேப்பின் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) பள்ளங்களில் கிரீஸ் நிறையப் பூசி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போய், அடிக்கடி வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். முடிந்ததும் மலிவான ஆயில் அரை லிட்டரை மேலிருந்து ஊற்றி, திறந்த துளை வழியாக ஓடவிட வேண்டும். 14-க்கு 1.5 மரைக்கு (விட்டம் 14 மி.மீ., மரை இடைவெளி 1.5 மி.மீ.) துளை சுமார் 14.5 மி.மீ. இருந்தாலும் சுருளோடு வரும் கிட் பெட்டியில் அச்சடித்த அளவே வேதம். சாதாரண டேப் ஆகாது, சுருளுக்கென்று பெரிதாக வெட்டும் தனி டேப் அதிலேயே வரும். சுருளின் மேல்நுனி துளையின் வெளிமுகத்திலிருந்து கால் முதல் அரைச் சுற்று உள்ளே இருக்க வேண்டும், துருத்தினால் வாஷர் உட்காராது.

யாரும் எழுதாதது ஒன்று. எண்ணெயை அடைப்பது மரை இல்லை, வாஷர். அந்த டேப்பின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 16 மி.மீ. எண்ணெய் சுருளின் முதுகுப்புறமாகவும் ஏறி வரும். வாஷர் அதற்கு வெளியே இருக்கும் முகத்தில்தான் அமர்ந்து பிடிக்க வேண்டும். துளை வாயில் பிசிர் எடுக்கிறேன் என்று அகலமாகச் சாய்வு போட்டால் அந்த வளையம் போய்விடும். பூண் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் சொட்டும். டெஃப்லான் டேப் சுற்றும் பழக்கத்தையும் தடை செய்யுங்கள், அதன் இழை பிய்ந்து ஆயில் பம்ப்பின் வலையில் போய் அடைக்கும்.

தொழிற்பயிற்சி ஆசிரியர்:

‘பூண் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும்’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இதற்கு மேல் என்ன வாக்கெடுப்பு?

வடமராட்சி:

மரைப்பூணுக்கே என் வாக்கு. எங்கள் பக்கம் அச்சிட்டால் புரிப்பூண் என்று மாற்றிக்கொள்வோம். சுருள் அடியில் குறுக்காக ஒரு துண்டுக் கம்பி இருக்குமே, ஏற்றி முடித்ததும் ஒடித்து எடுப்பது, அதற்கு என்ன பெயர்?

மொழிபெயர்ப்பு மேசை:

‘நாக்கு’ என்று போட்டிருக்கிறேன். ‘நாக்கை ஒடித்து, காந்தத்தால் வெளியே எடுக்கவும்’ என்று வாக்கியம். மரைப்பூண், மரை வழித்தல், பிளக்குக்கு வடிதிருகு என்ற மூன்றோடும் கோப்பை அனுப்பிவிட்டேன். வடிதிருகுக்குப் பக்கத்தில் ‘ஆயில் நட்டு’ என்றும் இருக்கிறது.

தொல்லெழுத்து:

எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். பூண் வெளியேதான். வடிதிருகு வினைத்தொகை, அது சரி.

லேத்துப் பட்டறை:

காந்தத்தை எடுத்துவிடுங்கள். அந்தச் சுருள் ஸ்டெயின்லெஸ், அதை எடுக்கக் காந்தத்தை நம்ப முடியாது. ஒடிக்கும்போதே மூக்குக் குறடால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு சேம்பருக்குள் விழுந்து கிடக்கும். அச்சகத்துக்கு இப்போதே போன் போடுங்கள்.